உஷார்! வீட்டு வைஃபையை முடக்கும் டெதரிங் ஆப்

வைஃபை கோடுகள் முழுசாகத் தெரிகின்றன. ‘கனெக்டட்’ என்றும் காட்டுகிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. கஸ்டமர் கேருக்கு போன் போட்டாயிற்று. வந்த டெக்னீஷியன் தன் போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டி, “எங்க சைடு லைன் ஓகே சார், உங்க லேப்டாப்லதான் ஏதோ இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியும் ஆயிற்று. தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்பட்டு அடுத்த கம்ப்ளைன்ட் போடுமுன் இதை யோசித்துப் பாருங்கள்: கொஞ்ச நாளுக்குள் வீட்டில் யாராவது போன் டேட்டாவை லேப்டாப்புக்கு எடுக்க ஒரு டெதரிங் ஆப் போட்டார்களா?

போட்டிருந்தால் டெக்னீஷியன் சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். போன் நெட்டைப் பகிர உதவும் ஆப்புகளும் மென்பொருள்களும் வேலை முடிந்ததும் தடயமில்லாமல் போய்விடுவதில்லை. கணினியின் நெட்வொர்க் அமைப்பில் ப்ராக்ஸி, ஐ.பி. எண், டிரைவர் என்று எதையாவது மாற்றிவைத்துவிட்டுப் போகின்றன. ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த மாற்றங்களில் சில அப்படியே கிடக்கும். வீட்டு வைஃபை கெட்டுப்போனது போலத் தெரிவது அதனால்தான். சில வீடுகளில் ஒரு கணினியில் செய்த மாற்றம் டி.வி., போன், டேப்லெட் என்று எல்லாவற்றையும் சேர்த்து முடக்கிவிடுகிறது.

ஃபைபர் அறுந்த நாளில் ஆரம்பிக்கும் வினை

இது பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பிக்கும். மழை கொட்டுகிறது, அல்லது தெருவில் ஜேசிபி பள்ளம் தோண்டுகிறது. ஃபைபர் அறுந்து, பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னுகிறது. அப்பாவுக்கு ஆபீஸ் மீட்டிங், அக்காவுக்கு ஆன்லைன் தேர்வு. “இருங்கப்பா, என் போன்ல இருந்து வீட்டுக்கே நெட் குடுக்கிறேன்” என்று கல்லூரிப் பையன் போனை யு.எஸ்.பி. கேபிளில் டெஸ்க்டாப்பில் செருகுகிறான்.

விண்டோஸில் ‘ரிமோட் என்டிஸ் பேஸ்டு இன்டர்நெட் ஷேரிங் டிவைஸ்’ என்று புதிதாக ஒரு இணைப்பு முளைக்கிறது. அதன் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’ பக்கத்துக்குப் போய் ஒரு டிக் போடுகிறான். லேன் இணைப்புக்கு 192.168.137.1 என்ற எண் கொடுக்கப்படும் என்று விண்டோஸ் ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டுகிறது. யார் அதைப் படிக்கிறார்கள்? ‘யெஸ்’. டெஸ்க்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு ஏற்கெனவே லேன் கேபிள் போகிறது. அதன் வழியாக வீடு முழுக்க நெட் பரவுகிறது. மீட்டிங் நடந்தது, தேர்வும் முடிந்தது. பையனுக்கு சபாஷ்.

மறுநாள் ஃபைபரை ஒட்டிவிட்டார்கள். போனைப் பிடுங்கியாயிற்று. டிக் மட்டும் எடுக்கப்படவில்லை.

இப்போது அந்த வீட்டில் வேடிக்கை ஆரம்பிக்கிறது. அம்மாவின் போனில் நெட் வருகிறது, அப்பாவின் போனில் வரவில்லை. டி.வி.யில் காலையில் வந்தது, சாயங்காலம் நின்றுவிட்டது. டெஸ்க்டாப்பை எழுப்பினால் வீட்டில் யாருக்காவது நெட் போகிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

காரணம் இதுதான். வீட்டு நெட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐ.பி. எண்ணும், வெளியே போகும் வழியும் கொடுப்பது டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு. அதை ரவுட்டர் ஒன்றுதான் செய்ய வேண்டும். ஷேரிங் டிக் போட்டதும் டெஸ்க்டாப்பும் அதே வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் ரூம் சாவி கொடுக்க இரண்டு பேர் நின்று, அதில் ஒருவர் பூட்டிப்போன வேறொரு மண்டபத்தின் சாவியைக் கொடுப்பது போலத்தான் இது. யார் முதலில் நீட்டுகிறாரோ அவரிடம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் விருந்தாளிகள். டெஸ்க்டாப்பிடம் எண் வாங்கிய கருவிகளுக்கு வழி டெஸ்க்டாப்போடு முடிந்துவிடுகிறது. அங்கே போன் இல்லை, நெட்டும் இல்லை.

புதிய விண்டோஸில் கணினியை ஒழுங்காக ரீஸ்டார்ட் செய்தால் இந்தப் பகிர்வு பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் வீடுகளில் கணினியை யார் ரீஸ்டார்ட் செய்கிறார்கள்? ஸ்லீப்பில் போட்டு எழுப்புவதுதான் வழக்கம். பகிர்வும் கூடவே எழுந்துகொள்கிறது. பகிர்வு நின்றாலும்கூட 192.168.137.1 என்ற எண் லேன் இணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது டெஸ்க்டாப்புக்கே நெட் கிடைக்காது.

முதல் சோதனை: ஒருவருக்கா, எல்லாருக்குமா?

எதையும் கழற்றும் முன் இதைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் வேறு இரண்டு, மூன்று கருவிகளில் அதே வைஃபையில் நெட் வருகிறதா? போனில் சோதிக்கும்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிட வேண்டும். வைஃபையில் நெட் இல்லாவிட்டால் போன் ஓசையில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ‘என் போன்ல வருதே’ என்று நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

எந்தக் கருவியிலும் வரவில்லை, எல்.ஓ.எஸ். விளக்கும் சிவப்பு என்றால் அது லைன் கோளாறு. கம்பெனிக்குச் சொல்லுங்கள். ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் வரவில்லை என்றால் குற்றவாளி அந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது. சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை, நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்றால் வீட்டுக்குள் இரண்டாவது ‘சாவிக்காரர்’ இருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள்.

கேட்வே எண் ஆளைக் காட்டிக்கொடுக்கும்

அடுத்துப் பார்க்க வேண்டியது கேட்வே. அதாவது, இந்தக் கருவி யார் வழியாக வெளியே போகப் பார்க்கிறது என்பதன் எண். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தட்டினால் விவரத்தில் ‘கேட்வே’ இருக்கும். ஐபோனில் வைஃபை பெயர் அருகே இருக்கும் ‘ஐ’ பட்டனைத் தட்டினால் ‘ரவுட்டர்’ என்ற வரியில் இருக்கும். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐ.பி.கான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரி தெரியும்.

வீட்டு ரவுட்டரின் எண் அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். பல ரவுட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஜியோ ஃபைபர் பெட்டி என்றால் 192.168.29.1. உங்கள் கருவியில் தெரியும் கேட்வே இதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் கீழே இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

● 192.168.137.1: வீட்டில் ஏதோ ஒரு விண்டோஸ் கணினி நெட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறது.

● 192.168.43.1: பழைய ஆண்ட்ராய்டு போனின் ஹாட்ஸ்பாட். புதிய போன்களில் இந்த எண் மாறிமாறி வரலாம்.

● 192.168.42.129: பழைய ஆண்ட்ராய்டு போனின் யு.எஸ்.பி. டெதரிங்.

● 172.20.10.1: ஐபோன் ஹாட்ஸ்பாட்.

● 192.168.49.1: வைஃபை டைரக்ட். டெதரிங் ஆப்புகள் பல பயன்படுத்தும் வழி.

கேட்வே காலியாக இருந்து, ஐ.பி. எண் 169.254 என்று தொடங்கினால் அந்தக் கருவிக்கு யாருமே எண் கொடுக்கவில்லை என்று பொருள். வேறு வழியில்லாமல் அது தனக்குத் தானே ஒரு எண் வைத்துக்கொண்டிருக்கிறது.

137.1 தெரிந்தால் எந்தக் கணினி என்று தேடிப் பிடியுங்கள். அதில் நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றின் ‘ஷேரிங்’ பக்கத்திலும் டிக்கை எடுங்கள். செட்டிங்ஸில் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வைஃபை, ஈதர்நெட் இரண்டிலும் ‘ஐ.பி. அசைன்மென்ட்’ என்ற வரி ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்க வேண்டும். ‘மேனுவல்’ என்று இருந்தால் மாற்றுங்கள். பக்கத்திலேயே டி.என்.எஸ். வரியும் இருக்கும். யாராவது கைப்பட எண் அடித்துவைத்திருந்தால் அதையும் ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்குங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மற்ற கருவிகளில் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். தப்பான எண்ணை வாங்கிவைத்திருக்கும் கருவி தானாக அதை விடுவதற்கு வெகு நேரம் ஆகலாம்.

ப்ராக்ஸி: அதிகம் பேர் மாட்டும் இடம்

சில டெதரிங் ஆப்புகள் போனின் வழக்கமான ஹாட்ஸ்பாட்டைப் பயன்படுத்துவதில்லை. வைஃபை டைரக்ட் மூலம் ஒரு இணைப்பை உண்டாக்கி, கணினியில் ப்ராக்ஸி எண்ணை, அதாவது நெட் போக்குவரத்தை வாங்கிக் கடத்தும் இடையாளின் எண்ணை, போடச் சொல்கின்றன. பிடிஏநெட் ஆப்பின் வைஃபை டைரக்ட் முறையில் ப்ராக்ஸி 192.168.49.1, போர்ட் 8000. இது போன்ற வேறு ஆப்புகளில் போர்ட் எண் மட்டும் மாறும்.

சிக்கல் எங்கே? போனில் ப்ராக்ஸி ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி. ஒரு வைஃபையில் போட்டது இன்னொன்றுக்குப் போகாது. விண்டோஸில் கைப்படப் போடும் ப்ராக்ஸி அப்படியில்லை. எந்த வைஃபையில் சேர்ந்தாலும், லேன் கேபிள் செருகினாலும், அதே ப்ராக்ஸிதான் பேசும். அவசரத்துக்கு ஊரில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து ஃபைபரில் சேர்கிறீர்கள். லேப்டாப் இன்னமும் 192.168.49.1 என்ற எண்ணைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணில் வீட்டில் யாருமே இல்லை.

இதற்கு அறிகுறி ரொம்பத் தெளிவாக இருக்கும். குரோம், எட்ஜ் இரண்டிலும் ‘ப்ராக்ஸி சர்வரில் ஏதோ கோளாறு’ என்ற பொருளில் செய்தி வரும். ஆனால் ப்ராக்ஸியை மதிக்காத சில புரோகிராம்கள், விளையாட்டுகள் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும். ‘கேம் ஓடுது, கூகுள் ஓடல’ என்று பையன் சொன்னால் சிரிக்காதீர்கள். நேராக செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி என்று போங்கள். ‘மேனுவல் ப்ராக்ஸி’ ஆன் ஆக இருந்தால் அணையுங்கள். கூடவே ‘செட்டப் ஸ்கிரிப்ட்’ என்ற இடத்தில் ஏதாவது முகவரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே தனியாக ப்ராக்ஸி போட்டிருக்கலாம். அதன் செட்டிங்ஸையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நான்கு கிளிக்கில் தீர்ந்துவிடும் இந்தக் கோளாறுக்கு விண்டோஸையே புதிதாகப் போட்டவர்கள் உண்டு.

போகாத டிரைவர், விடாத வி.பி.என்.

கணினியை ஹாட்ஸ்பாட்டாக மாற்றித் தருவதாகச் சொல்லும் புரோகிராம்கள் தங்களுக்கென்று மெய்நிகர் அடாப்டர்களையும் நெட்வொர்க் டிரைவர்களையும் போட்டுக்கொள்கின்றன. கணினியிலிருந்து போகும் ஒவ்வொரு துண்டுத் தகவலும் அவற்றின் வழியாகவே போகும். புரோகிராமை நீக்கும்போது அந்த டிரைவர் நீங்காமல் நின்றுவிட்டால் வேகம் குறைவது, அடிக்கடி துண்டிப்பது, ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் வைஃபை காணாமல் போவது என்று தொல்லைகள் வரும். வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஒரு பட்டியல் தெரியும். அதில் நீங்கள் நீக்கிய புரோகிராமின் பெயர் இன்னும் டிக்கோடு இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர்’ என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது விண்டோஸ் தானே வைத்துக்கொள்வது.

எதிலும் பிடிபடவில்லை என்றால் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்ற பட்டன் இருக்கிறது. செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு நெட்வொர்க் பகுதியில் கிடைக்கும். எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கிப் புதிதாகப் போடும். வைஃபை பாஸ்வேர்டைத் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். ஆபீஸ் வி.பி.என். இருந்தால் அதையும் மறுபடி அமைக்க வேண்டி வரலாம். ஆகவே பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டனைத் தொடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனிலும் இதே கதை உண்டு. இன்னொரு போனிலிருந்து நெட் வாங்க உதவும் சில ஆப்புகள் வி.பி.என். அனுமதி கேட்டு வாங்கிக்கொள்ளும். ‘ஆல்வேஸ் ஆன் வி.பி.என்.’, ‘வி.பி.என். இல்லாமல் இணைப்பைத் தடு’ என்ற இரண்டும் போட்டுவைத்திருந்தால் வீட்டு வைஃபையில் சேர்ந்த பிறகும் நெட் வராது. போன் மேல்பட்டையில் சாவி அடையாளம் தெரிந்தால் வி.பி.என். பகுதியைத் திறந்து இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

உங்கள் டேட்டா எங்கே போகிறது?

நெட் வராமல் போவது ஒரு தொல்லை. நெட் வந்துகொண்டே டேட்டாவோ வேகமோ கரைவது இன்னொரு தொல்லை. இது மூன்று வழிகளில் நடக்கும்.

முதலாவது, ஒரே பெயர். வசதிக்காகச் சிலர் போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையுமே வைக்கிறார்கள். டி.வி.க்கும் லேப்டாப்புக்கும் இரண்டும் ஒன்றுதான். எதன் சிக்னல் பலமாகத் தெரிகிறதோ அதில் சேர்ந்துகொள்ளும். நீங்கள் ஃபைபரில் படம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். போனின் 2 ஜி.பி. தினசரி டேட்டா தீர்ந்து வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆனதும் ‘வைஃபை ஸ்லோ’ என்று புலம்புவீர்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு பெயர் வையுங்கள்.

இரண்டாவது, சார்ஜ் கேபிள். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘டீஃபால்ட் யு.எஸ்.பி. கான்ஃபிகரேஷன்’ என்பதை டெதரிங் என்று வைத்திருந்தால், சார்ஜுக்காக லேப்டாப்பில் போனைச் செருகும்போதெல்லாம் போன் நெட்டும் சேர்ந்தே செருகப்படும். கம்பி இணைப்புக்கு விண்டோஸ் பெரும்பாலும் முன்னுரிமை தரும். வைஃபை ஓடுகிறது என்று நீங்கள் நினைத்திருக்க, விண்டோஸ் அப்டேட் உங்கள் மொபைல் டேட்டாவில் இறங்கிக்கொண்டிருக்கும். போன் வழி இணைப்புகளை விண்டோஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்று குறித்துவைப்பது நல்ல தற்காப்பு.

மூன்றாவது, அலைவரிசை நெரிசல். வேலை முடிந்த பிறகும் ஹாட்ஸ்பாட் அணையாமல் கிடக்கும் போன் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே சார்ஜில் இருக்கிறது என்று வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களே அவற்றை நிரப்பியிருக்கும். போனும் அதில் நுழைந்தால் எல்லாருக்கும் வேகம் குறையும். லேப்டாப் ஒரே வைஃபை கார்டில் நெட் வாங்கி, அதே கார்டில் மறுபடி பகிரும்போதும் இதே கதைதான். ஒரே ரேடியோ இரண்டு வேலை பார்ப்பதால் வேகம் பாதி அளவுக்குக் குறைந்துவிடும். ‘வைஃபை ரேஞ்சைக் கூட்டும் ஆப்’ என்று விளம்பரப்படுத்தப்படுவதில் பலதும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இன்னொன்று: பல போன்களில் ஹாட்ஸ்பாட் போட்டால் வைஃபை தானாக அணைந்துவிடும். ‘என் போனில் மட்டும் வைஃபை பிடிக்கவில்லை’ என்று சொல்பவரின் ஹாட்ஸ்பாட் பட்டனை முதலில் பாருங்கள்.

ரவுட்டரின் ஊசித்துளையில் கை வைக்காதீர்கள்

நெட் வரவில்லை என்றதும் ரவுட்டரின் பின்னால் இருக்கும் ரீசெட் துளையில் ஊசி விட்டு அழுத்தும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உஷார்! அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. துளையில் அழுத்தினால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் போவதில்லை. பல இணைப்புகளில் கம்பெனி கொடுத்த யூசர் நேம், பாஸ்வேர்டு, லைன் அமைப்பு எல்லாம் சேர்ந்தே அழிந்துவிடும். அதுவரை லேப்டாப்பில் மட்டும் இருந்த கோளாறு அந்த நிமிடம் வீடு முழுக்கப் பரவிவிடும். டெக்னீஷியன் வந்து திரும்ப அமைத்துக் கொடுத்த பிறகும் லேப்டாப்பில் ப்ராக்ஸி அங்கேயேதான் இருக்கும். ஒரு கருவியில் மட்டும் கோளாறு என்றால் ரவுட்டரைத் தொடவே தேவையில்லை.

இந்த ஆப்புகள் நமக்கு வேண்டுமா?

டெதரிங் ஆப்புகள் செழித்து வளர்ந்தது அமெரிக்காவில். அங்கே மொபைல் கம்பெனிகள் போன் டேட்டாவுக்கு ஒரு கட்டணமும், அதையே லேப்டாப்புக்குப் பகிரத் தனிக் கட்டணமும் வாங்கின. அதைத் தாண்டிப் போகத்தான் இந்த ஆப்புகள். இப்படிப்பட்ட ஆப்புகள் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் தடுத்தது தொடர்பான விசாரணையை முடித்துக்கொள்ள வெரைசன் வயர்லெஸ் 2012 ஜூலையில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு 12.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த ஊர்ச் சண்டைக்கு அந்த ஊர் ஆயுதம்.

இங்கே நிலைமை வேறு. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்குப் போனிலேயே இருக்கும் ஹாட்ஸ்பாட் பட்டன் போதும். ஆண்ட்ராய்டில் அது 2010-இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஐபோனில் ‘பர்சனல் ஹாட்ஸ்பாட்’ 2011 முதல் இருக்கிறது. விண்டோஸிலும் 2016-இல் வந்த அப்டேட்டிலிருந்து ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ பட்டன் உள்ளேயே உண்டு. இவ்வளவும் கையில் இருக்கும்போது, யூடியூப் வீடியோவில் யாரோ சொன்னார் என்று ஏதோ ஒரு தளத்திலிருந்து ஏ.பி.கே. ஃபைலை இறக்குவது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான்.

ஓணான் கடித்தால்?

வைஃபை கெடுவது இதில் சின்ன நஷ்டம். நெட்டைப் பகிர உதவுவதாகச் சொல்லும் ஆப்புக்கு வி.பி.என். அனுமதி கொடுத்தால் உங்கள் போனிலிருந்து போகும் போக்குவரத்து முழுக்க அதன் கை வழியாகப் போகும். அக்சஸிபிலிட்டி அனுமதி கொடுத்தால் உங்கள் திரையையே அது படிக்கலாம். நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்தால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யும் அதன் கண்ணில் படும். ஹாட்ஸ்பாட் போட இந்தக் கடைசி இரண்டும் எதற்கு? கேட்டால் அந்த இடத்திலேயே அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

இன்னும் மோசமானது, உங்கள் வீட்டு இணைப்பையே வெளியாளுக்கு விற்கும் வகை. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை ‘911 எஸ்5’ என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். போன்ற இலவச வி.பி.என். புரோகிராம்களைப் போட்டவர்களின் கணினிகள் அவர்களுக்கே தெரியாமல் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. அவர்களின் வீட்டு ஐ.பி. முகவரிகள் மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. அப்படிச் சிக்கிய முகவரிகள் 1.9 கோடிக்கும் மேல். உலகம் முழுக்க, வீட்டுக் கணினிகள்தான்.

இதை டெதரிங்கோடு சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘சும்மா கிடக்கும் டேட்டாவைப் பகிர்ந்து சம்பாதியுங்கள்’ என்று அழைக்கும் ஆப்புகளும் உங்கள் முகவரியில் வேறு யாரையோ உலவவிடுகின்றன. அந்த யாரோ செய்யும் காரியத்துக்கு முதலில் தெரியவருவது உங்கள் வீட்டு ஐ.பி. முகவரி. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதல் விசாரணையும் வரும். பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துகிடக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் இதே ஆபத்துதான். இப்படி ஏதாவது போட்ட பிறகு வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.

இன்றே செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள எல்லாரிடமும் கேளுங்கள்: நெட் பகிர, ரேஞ்ச் கூட்ட, டேட்டா விற்க என்று யார் என்ன ஆப் போட்டிருக்கிறார்கள்? திட்டாமல் கேட்டால்தான் பதில் வரும்.

2. தேவையில்லாததை நீக்குங்கள். நீக்கும் முன் ஆப்பைத் திறந்து பகிர்வை நிறுத்தி, இணைப்பைத் துண்டித்துவிட்டு நீக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால்தான் மிச்சம் அதிகம் தங்கும்.

3. ஒவ்வொரு கணினியிலும் ப்ராக்ஸி, ஷேரிங் டிக், ஐ.பி. அசைன்மென்ட், டி.என்.எஸ். என்ற நான்கையும் பார்த்துவிட்டு ஒழுங்காக ஒரு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

4. எல்லாக் கருவியிலும் ஒரே கேட்வே எண் தெரிகிறதா என்று சரிபாருங்கள். ரவுட்டர் ஸ்டிக்கரை இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும். யாரும் சேராவிட்டால் தானாக அணையும் வசதி பல போன்களில் இருக்கிறது. அதைப் போட்டுவையுங்கள்.

6. அடுத்த முறை ஃபைபர் அறுந்தால் ஒவ்வொருவரும் போனின் ஹாட்ஸ்பாட்டில் நேரடியாகச் சேர்ந்துகொள்ளுங்கள். டெஸ்க்டாப் வழியாக ரவுட்டருக்குள் போன் நெட்டை விடும் சாகசம் வேண்டாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் நெட் வரவில்லை என்றால் தாராளமாகக் கம்ப்ளைன்ட் போடுங்கள். எத்தனை கருவியில் கோளாறு, கேட்வே என்ன காட்டுகிறது, எல்.ஓ.எஸ். விளக்கு எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்ற வழக்கமான பதிலோடு உங்களை அனுப்பிவைக்க யாராலும் முடியாது.